பத்து வருடம் தாண்டிய மினிவேன்: எது கெடும், எவ்வளவு இழுக்கும், எதைக் கண்டால் ஒதுங்க வேண்டும்?

#1 மூன்றுவரிசை

2005 முதல் 2013 வரை வந்த மினிவேன்களுக்கான இழை இது. ஹோண்டா ஒடிசி, டொயோட்டா சியன்னா, டாட்ஜ் கிராண்ட் கேரவன், அதன் உடன்பிறப்பு கிரைஸ்லர் டவுன் அண்ட் கன்ட்ரி. அநேகமாக எல்லாமே முன்சக்கர இழுவை, குறுக்காகப் பொருத்திய வி6 எஞ்சின். செகண்ட் ஹேண்டில் கைமாறும்போது பெரும்பாலும் 2,00,000 கி.மீ. தாண்டியிருக்கும்.

எந்த வேலை முதலில் வரும், எது பெரிய செலவு, எதைப் பார்த்தால் வாங்காமல் திரும்பிவிட வேண்டும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஒரு வேண்டுகோள்: தொகை எழுத வேண்டாம். கூலி ஊருக்கு ஊர் மாறும். எத்தனை மணி நேர வேலை, சாமான் மலிவா கனமா என்று சொன்னால் அவரவர் ஊர்க் கூலியால் பெருக்கிக்கொள்ளலாம்.

#2 அச்சாணி

மினிவேன் செலவில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இடநெருக்கடி. எஞ்சின் குறுக்காக இருப்பதால் மூன்று சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம், மூன்று சிலிண்டர் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உட்காரும் அறைக்கும் நடுவே உள்ள தகடு) பக்கம். முன்வரிசையில் கை சுலபமாகப் போகும். பின்வரிசை வைப்பர் தட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதனால் பல வேலைகளில் சாமான் கால் பங்கு, கூலி முக்கால் பங்கு.

சியன்னா 3.5 லிட்டரில் முன் மூன்று பிளக் மாற்ற அரைமணி போதும். பின் மூன்றுக்கு வைப்பர் கை, வைப்பர் மோட்டார் சட்டம், அடித்தட்டு, இன்டேக் சர்ஜ் டேங்க் (எஞ்சினுக்குக் காற்று போகும் மேல்கூடு) எல்லாம் கழற்ற வேண்டும். சுமார் மூன்று மணி நேரம். "பிளக் எல்லாம் புதுசு" என்று விற்பவர் சொன்னால் ஆறும் புதுசா, மூன்றுதானா என்று கேளுங்கள். முன் மூன்றை மட்டும் மாற்றிவிட்டு ஆறு என்று கணக்கு எழுதிய வண்டிகள் நிறைய. பின்வரிசைக் காயில் (பிளக்குக்கு மின்சாரம் தரும் சாமான்) போல்ட் தலையில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா என்று சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

எனவே, ஒரு இடத்தைத் திறந்தால் அங்கே அடுத்து கெடப்போவதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பின் பிளக்குக்காக சர்ஜ் டேங்க் வெளியே வந்திருக்கிறதா? பின்பக்க வால்வ் கவர் கேஸ்கெட், பிளக் குழாய் சீல், பிசிவி வால்வ், சர்ஜ் டேங்க் கேஸ்கெட், மிஸ் அடிக்கும் காயில் இருந்தால் அதுவும். இந்தச் சாமான்கள் காயில் தவிர எல்லாம் மலிவு. தனித்தனியாகச் செய்தால் அதே மூன்று மணி நேரக் கூலியை மூன்று தடவை கொடுக்க வேண்டிவரும்.

#3 கிரீஸ்_கை

ஒடிசியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதன் ஜே35 எஞ்சினில் வால்வுகளை ஓட்டுவது டைமிங் பெல்ட், செயின் அல்ல. மாற்ற வேண்டிய அளவு 1,05,000 மைல், அதாவது சுமார் 1,69,000 கி.மீ., அல்லது ஏழு வருடம், எது முந்துகிறதோ அது. ரப்பருக்கு வயதும் ஒரு கணக்கு. குறைவாக ஓடிய வண்டி என்று சந்தோஷப்பட்டு ஏழு வருடத்தை மறந்துவிடக் கூடாது. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும் வகை எஞ்சின் இது. அறுந்தபின் வரும் செலவு பல வண்டிகளின் சந்தை விலையையே தொட்டுவிடும்.

பெல்ட் மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. ஒரே செட்டாக வாங்க வேண்டியவை: பெல்ட், வாட்டர் பம்ப், ஹைட்ராலிக் டென்ஷனர், டென்ஷனர் புல்லி, ஐட்லர் புல்லி. பம்ப்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். அது பின்னால் ஒழுகினால் மறுபடி முழு வேலை. கேம், கிராங்க் சீல்களில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அதையும் அப்போதே. பட்டறைக் கணக்கில் 4 முதல் 5 மணி நேரம்.

வீட்டில் செய்பவர்கள் மாட்டிக்கொள்வது கிராங்க் புல்லி போல்ட்டில். 19 மி.மீ. போல்ட். புல்லியைப் பிடிக்க 50 மி.மீ. அறுகோண ஹோல்டர் கருவி வேண்டும். சாதாரண இம்பாக்ட் கன் பலமுறை தோற்றுவிடும். கனமான சாக்கெட்டும் நீளமான பிரேக்கர் பாரும் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது 64 நியூட்டன் மீட்டர், அதன்பின் 60 டிகிரி. பெல்ட் போட்டபின் டென்ஷனர் ஊசியை உருவி, கிராங்கைக் கையால் ஆறு சுற்று சுற்றி, குறிகள் மூன்றும் நேராக வருகின்றனவா என்று பார்த்த பிறகுதான் கவர் மூட வேண்டும். சுற்றும்போது எங்காவது முட்டினால் பலம் காட்டாதீர்கள். ஒரு பல் தப்பியிருக்கும்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் ஓரிரு விநாடி "கடகட" சத்தம் பெல்ட் பக்கத்திலிருந்து வந்தால் ஹைட்ராலிக் டென்ஷனர் எண்ணெய் கசிந்து தளர்ந்திருக்கிறது. பெல்ட் புதுசு என்று பில் இருந்தாலும் இந்தச் சத்தம் வந்தால் டென்ஷனரை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

#4 பழையவண்டி_ரசிகை

பில் இல்லாத வண்டியில் பெல்ட் மாற்றியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது அண்ணா?

#5 கிரீஸ்_கை

முன்பக்க மேல் கவர் சில 10 மி.மீ. போல்ட்களில்தான் நிற்கிறது, பத்து நிமிடத்தில் திறக்கலாம். பெல்ட் முதுகில் அச்சிட்ட எழுத்து தெளிவாக இருந்தால் புதுசு. மழுங்கி, முதுகு கண்ணாடி போல் மின்னினால் பழசு. ஓரம் பிசிறியிருந்தாலும், எண்ணெய் படிந்திருந்தாலும் வயதைப் பார்க்காமல் மாற்றுங்கள். பில்லும் இல்லை, கவரைத் திறக்க விற்பவர் சம்மதமும் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தத் தொகையை விலையில் கழியுங்கள்.

சியன்னாவில் 2004 முதல் 2006 வரை வந்த 3.3 லிட்டருக்கும் பெல்ட்தான், அளவு 90,000 மைல். 2007ல் வந்த 3.5 லிட்டர் 2ஜிஆர் எஞ்சினில் செயின். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே 2006ஐ விட 2007க்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

#6 ஸ்கேனர்_சித்தன்

ஒடிசியில் இன்னொன்று சொல்லாமல் விடக் கூடாது. விசிஎம் என்ற சிலிண்டர் நிறுத்தும் ஏற்பாடு. சமமான சாலையில் எரிபொருளை மிச்சப்படுத்த சில சிலிண்டர்களை உறங்கவைக்கும். 2005 முதல் 2010 வரை மேல்ரக மாடல்களில் மட்டும், 2011லிருந்து எல்லா ஒடிசியிலும் உண்டு.

சிக்கல் இரண்டு. உறங்கும் சிலிண்டர்களில் எண்ணெய் வளையங்களில் கரி படிந்து எஞ்சின் எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும், அந்தப் பிளக்குகள் அழுக்கேறி மிஸ் அடிக்கும். பி0301, பி0302 என்று சிலிண்டர் எண்ணோடு கோடு (ஸ்கேனரில் தெரியும் பிழை எண்) வரும். அடுத்தது, எஞ்சின் ஆறிலிருந்து மூன்றுக்கு மாறும்போது வரும் அதிர்வை விழுங்குவதற்கென்று திரவம் நிரப்பிய ஆக்டிவ் மவுன்ட்கள். அவை ஒழுகிவிட்டால் சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். சாதாரண மவுன்ட்டைவிட இவை பல மடங்கு விலை. மலிவான மாற்றுச் சாமான் போட்டால் நடுக்கம் இன்னும் மோசமாகும்.

பார்க்கும் முறை: பானெட்டைத் திறந்து, ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டு டி, ஆர் மாற்றிக் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுக்கட்டும். எஞ்சின் சற்று அசைவது இயல்பு. தூக்கிப் போட்டது போல் எழும்பினால் மவுன்ட் போய்விட்டது. முன் மவுன்ட்டுக்குக் கீழே கறுப்புத் திரவம் வழிந்த தடமும் இருக்கும்.

#7 நெம்புகோல்

விசிஎம்மை நிறுத்தும் சின்ன ஒயர் சாமான் கிடைக்கிறது. கூலன்ட் வெப்ப சென்சாரின் அளவைக் கொஞ்சம் குறைத்துக் காட்டி, எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டரை நம்பவைப்பதுதான் வேலை. விலை குறைவு, பத்து நிமிடத்தில் மாட்டலாம். வாங்கிய அன்றே போடுங்கள் என்பேன்.

#8 ஸ்கேனர்_சித்தன்

ஒரு எச்சரிக்கையோடு ஒத்துக்கொள்கிறேன். ரெசிஸ்டர் அளவு தப்பாக இருந்தால் கம்ப்யூட்டர் எஞ்சினை நிஜமாகவே குளிர்ந்ததாக நினைத்து பெட்ரோலைக் கூட்டும், தெர்மோஸ்டாட் கோடும் வரும். மீட்டரிலும் உண்மையான சூடு தெரியாது. மாட்டிய பிறகு ஸ்கேனரில் காட்டும் சூடு விசிஎம் விழித்துக்கொள்ளும் வரம்புக்குச் சற்றுக் கீழேயே நிற்க வேண்டும், அதற்கு மேல் இறக்க வேண்டியதில்லை. ஏற்கனவே எண்ணெய் குடிக்கும் எஞ்சினை இது குணப்படுத்தாது. இனிமேல் கெடுவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

ஜே35ல் மலிவான சீல் ஒன்று பெரிய செலவுக்கு வழிவிடும் இடமும் உண்டு. விடெக் ஸ்பூல் வால்வின் கேஸ்கெட் கசிந்தால் எண்ணெய் சொட்டுவது ஆல்டர்னேட்டர் மேல். ஆல்டர்னேட்டர் செத்துப்போய் புதுசு போடுவார்கள், கசிவை யாரும் பார்ப்பதில்லை. கொஞ்ச நாளில் புதுசும் நனைந்துவிடும். ஆல்டர்னேட்டர் மாற்றிய பில் அடுத்தடுத்து இரண்டு இருந்தால் அங்கே டார்ச் அடியுங்கள்.

ஸ்டியரிங் திருப்பும்போது "ஊ" என்று முனகலும் ரிசர்வாயரில் நுரையும் வந்தால் பம்ப் போய்விட்டது என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பம்ப்புக்குள் எண்ணெய் நுழையும் இடத்து ஓ-ரிங் கெட்டித்துப்போய்க் காற்றை உறிஞ்சும். ஒரே ஒரு ஓ-ரிங், ஒரு 10 மி.மீ. ஸ்பானர், 15 நிமிடம். நிரப்ப ஹோண்டாவின் சொந்த பவர் ஸ்டியரிங் திரவம் மட்டும். ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) ஊற்றினால் சீல்கள் ஊதிவிடும்.

#9 அச்சாணி

கியர்பாக்ஸுக்கு வருவோம். வண்டியை வைத்துக்கொள்வதா விற்பதா என்பதைத் தீர்மானிப்பது இதுதான். 1999 முதல் 2004 வரையிலான ஒடிசியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பலவீனமானது. 2004ல் ஹோண்டாவே இரண்டாம் கியர் சூடேறும் பிரச்சினைக்காக வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அந்த வயது வண்டி இன்று கிடைத்தால், கியர்பாக்ஸ் மாற்றியதற்கு எழுத்தில் ஆதாரம் கேளுங்கள்.

கழற்றி மாட்டவே 8 முதல் 10 மணி நேரம், சப்ஃப்ரேம் (எஞ்சினைத் தாங்கும் அடிச்சட்டம்) இறக்க வேண்டும். மறுசீரமைத்த பாக்ஸின் விலை தனி. பழைய வேனில் இந்த ஒரு பில் வண்டியின் விலைக்குச் சமமாக வந்துவிடும்.

டெஸ்ட் டிரைவில்: எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை, குறைந்தது 20 நிமிடம் ஓட்டுங்கள். மணிக்கு 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் கால் லேசாக வைத்துப் போகும்போது, சாலையோர அதிர்வுக் கோடுகள் மேல் ஏறியது போல் ஒரு நொடி நடுங்கினால் டார்க் கன்வர்ட்டர் லாக்கப் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பூட்டும் கிளட்ச்) நழுவுகிறது. பி0741 கோடு அதற்குத்தான். நின்றுகொண்டு ஆர் போட்டால் ஒரு விநாடிக்கு மேல் தாமதித்து "தொம்" என்று விழுந்தால் அதுவும் கெட்ட சகுனம்.

#10 மூன்றுவரிசை

லேசான நடுக்கம் மட்டும் இருந்தால்? ஃப்ளஷ் செய்தால் போகுமா?

#11 நெம்புகோல்

மெஷின் வைத்து முழு ஃப்ளஷ் செய்துவிட்டால் பழைய எண்ணெய் மொத்தமும் போய்விடும். ஒரே வேலையில் முடியும்.

#12 அச்சாணி

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2,00,000 கி.மீ. வரை எண்ணெயே மாற்றாத பாக்ஸில் அழுத்தத்தோடு ஃப்ளஷ் செய்தால் அடியில் படிந்த கசடு கிளம்பி சொலனாய்டு (எண்ணெயைத் திருப்பும் மின் வால்வ்) வலையில் போய் அடைக்கும். வடித்து நிரப்புவதுதான் பாதுகாப்பு.

கணக்கு இப்படி. ஒடிசியின் பாக்ஸில் மொத்தம் சுமார் 8 லிட்டர், வடிபிளக்கைத் திறந்தால் வருவது சுமார் 3. முதல் தடவையில் 37.5 சதவீதம் புதுசு. சில நூறு கி.மீ. ஓட்டி மறுபடி செய்தால் 61. மூன்றாம் தடவை 76. அதற்கு மேல் செய்வதில் லாபம் குறைவு. மூன்று முறைக்கு 9 லிட்டர் எண்ணெய். கூலி சொற்பம், கையால் செய்யக்கூடிய வேலை. லேசான லாக்கப் நடுக்கம் இதில் அடங்க நல்ல வாய்ப்பு உண்டு. கியர் நழுவுவது அடங்காது, கிளட்ச் தகடு தேய்ந்ததை எண்ணெயால் ஒட்டவைக்க முடியாது.

எண்ணெய் வகையில் விளையாடாதீர்கள். ஹோண்டாவுக்கு டிடபிள்யூ-1 (பழைய இசட்-1க்குப் பதில் வந்தது), 3.5 லிட்டர் சியன்னாவுக்கு டபிள்யூஎஸ், கிரைஸ்லருக்கு ஏடிஎஃப்+4. வடிபிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இயல்பு. கையில் நெருடும் உலோகத் துணுக்கு வந்தால் அத்தோடு எண்ணெய்ச் செலவை நிறுத்துங்கள்.

எண்ணெய் இளஞ்சிவப்பு நுரையாக வந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஏடிஎஃப் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது. கிளட்ச் தகடுகளின் பசை கரைந்துவிடும். அந்த வண்டியை வாங்க வேண்டாம்.

#13 நெம்புகோல்

அழுத்தம் இல்லாமல் கூலர் பைப் வழியாக வண்டியின் சொந்த பம்ப்பே எண்ணெயை வெளியேற்றும் முறையைத்தான் நான் சொன்னேன். அது வேறு. ஆனால் பட்டறையில் எந்த முறை செய்வார்கள் என்று யாரும் கேட்பதில்லை என்பது உண்மை. வடித்து நிரப்பு என்று சொல்லிவிடுவதே நல்லது.

#14 துரு_துப்பறிவாளர்

சியன்னாவின் எஞ்சினைப் பற்றி எல்லோரும் நல்ல வார்த்தை சொல்வார்கள். பெரும்பாலும் நியாயம்தான். ஆனால் 2007 முதல் 2010 வரையிலான 3.5 லிட்டர் வண்டி என்றால் முதல் வேலையாக விவிடி-ஐ (வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் ஏற்பாடு) எண்ணெய்க் குழாயைப் பாருங்கள். முழுக்க உலோகக் குழாயா, நடுவில் ரப்பர் துண்டு உள்ளதா? ரப்பர் இருந்தால் அது கெட்டித்து ஒரு நாள் வெடிக்கும்; எஞ்சின் எண்ணெய் சில நிமிடத்தில் தரையில் கொட்டிவிடும். எண்ணெய் விளக்கு எரிவதைக் கவனித்து வண்டியை நிறுத்துவதற்குள் எஞ்சினின் கதை முடியலாம். டொயோட்டா முழு உலோகக் குழாயைப் பிறகு கொண்டுவந்தது. சாமான் மலிவு, வேலை ஓரிரு மணி நேரம். இதை எஞ்சினுக்கான காப்பீடு என்று நினைத்துச் செய்துவிடுங்கள்.

வாட்டர் பம்ப் முனையில் இளஞ்சிவப்புப் பொடி படிந்திருந்தால் கூலன்ட் காய்ந்த தடம், பம்ப் மெதுவாக ஒழுக ஆரம்பித்துவிட்டது. உடனே ஆபத்தில்லை, ஆனால் நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி என் பெயருக்கேற்ற விஷயம். பனிக்கு உப்பு தூவும் ஊர்களில் ஓடிய வண்டியென்றால் எஞ்சினுக்கு முன்னால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மினிவேனில் மூன்றாம் வரிசைக்கும் ஹீட்டரும் ஏசியும் உண்டு; அதற்கான குழாய்கள் முன்னாலிருந்து பின்னால் வரை வண்டிக்கு அடியில் ஓடுகின்றன. ஹீட்டர் குழாய் எஃகு, துருப்பிடித்து ஊசித்துளை விழும். ஏசி குழாய் அலுமினியம், பிடிமானக் கிளிப்புக்கு அடியில் உப்பு தங்கி அரிக்கும். சியன்னாவிலும் கிரைஸ்லரிலும் இது சகஜம்.

கூலன்ட் குறைகிறது, எஞ்சினில் ஒழுகல் தெரியவில்லை, ஹெட் கேஸ்கெட் என்று பயமுறுத்துகிறார்கள் என்றால், பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள அடிப்பகுதியையும் ஒரு தடவை பாருங்கள். குழாய் முழுவதையும் மாற்ற 4 முதல் 6 மணி நேரம். மலிவு வழியும் உண்டு: துரு பிடித்த துண்டை அறுத்துவிட்டு ஹீட்டர் ஹோஸும் நல்ல கிளாம்ப்பும் போட்டு இணைப்பது, அல்லது முன்னாலேயே வளைத்து இணைத்துப் பின் ஹீட்டரையே துண்டித்துவிடுவது. குளிர் நாட்டில் குழந்தைகள் பின்னால் உட்கார்ந்தால் இரண்டாவது வழி சண்டையில் முடியும்.

ஸ்டெப்னியைத் தொங்கவிடும் கேபிளும் இதே பட்டியலில். 1998 முதல் 2010 வரையிலான சியன்னாக்களை 2010ல் டொயோட்டா திரும்ப அழைத்தது, உப்பில் கேபிள் அரித்து டயர் சாலையில் விழலாம் என்பதால்.

#15 பழையவண்டி_ரசிகை

கிரைஸ்லர், டாட்ஜ் பக்கம் யாரும் வரவில்லையே? சந்தையில் விலை குறைவாகக் கிடைப்பது அவைதானே.

#16 ஸ்கேனர்_சித்தன்

விலை குறைவதற்குக் காரணம் இருக்கிறது, ஆனால் சாமானும் மலிவு, பழைய வண்டிக் கிடங்குகளில் தாராளமாகவும் கிடைக்கும். 2011லிருந்து வந்த 3.6 லிட்டர் பென்டாஸ்டார் எஞ்சின் வண்டிகளில் கவனிக்க மூன்று இடம்.

முதலாவது எண்ணெய் வடிகட்டி கூடு. பிளாஸ்டிக்கால் ஆனது, எஞ்சினின் இரு வரிசைக்கும் நடுவே பள்ளத்தில், இன்டேக்குக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். சூட்டில் வளைந்து கசியும். எண்ணெய் பள்ளத்தில் தேங்கி, பின்பக்கமாக வழிந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும். கீழேயிருந்து பார்ப்பவர் பின் மெயின் சீல் என்று சொல்லி கியர்பாக்ஸை இறக்கக் கணக்கு போடுவார். இறக்கச் சொல்வதற்கு முன் மேல் இன்டேக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பள்ளத்தைப் பாருங்கள். கூடு மாற்ற சுமார் 3 மணி நேரம். அலுமினியக் கூடு வெளிச்சந்தையில் கிடைக்கிறது. எண்ணெய் மாற்றும்போது வடிகட்டி மூடிக்கு 25 நியூட்டன் மீட்டர்தான். பலசாலிகள் முறுக்கி உடைத்த கூடுகளே அதிகம்.

இரண்டாவது "டிக் டிக்". ராக்கர் ஆர்மின் ஊசிப் பேரிங் தேய்ந்து வரும் சத்தம். ஒரு வரிசையில் மட்டும் கேட்கும், சூடானபின்னும் போகாது. சத்தத்தோடு விட்டுவைத்தால் ராக்கர் கேம் ஷாஃப்ட்டைச் செதுக்கும். ராக்கர் மட்டும் என்றால் தாங்கும் செலவு. கேமும் சேர்ந்தால் கூடு மூடி எல்லாம் திறந்த முழுநாள் வேலை. சத்தம் இருக்கும் வண்டியில் வால்வ் கவரைத் திறந்து கேமைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

மூன்றாவது மின்சாரம். 2008க்குப் பின் வந்தவற்றில் எல்லா ஃபியூஸும் ரிலேயும் ஒரே பெட்டியில், டிஐபிஎம் என்பார்கள். பெட்ரோல் பம்ப் ரிலே அதற்குள் சாலிடர் செய்யப்பட்டிருக்கும், தனியாக மாற்ற முடியாது. கிளப்பினால் சுற்றும், பற்றாது. அல்லது சாவியை எடுத்த பிறகும் பம்ப் ஓடி பேட்டரியைக் காலி செய்யும். பெட்டி மொத்தமும் மாற்றினால் கனமான செலவு, நிரலாக்கமும் வேண்டும். வெளியே ஒரு தனி ரிலேயை ஒயர் இழுத்து மாட்டுவது மிக மலிவு, ஒழுங்காகச் செய்தால் நிலைக்கும்.

கூலன்ட்டில் கவனம். 2012 வரை ஆரஞ்சு வகை ஹோட், 2013லிருந்து ஊதா வகை ஓஏடி. இரண்டையும் கலந்தால் கூழாகக் கெட்டித்து ஹீட்டர் கோரை அடைக்கும். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று எழுதிய கேன் வேண்டாம்.

#17 நெம்புகோல்

ஸ்லைடிங் கதவை மறந்துவிட்டீர்கள். மினிவேனில் மற்ற கார்களுக்கு இல்லாத செலவு இதுதான்.

மோட்டார் செத்துப்போவது அபூர்வம். ஒடிசியில் நடு உருளையின் பேரிங் உடைந்து கதவு பாதியில் தட்டும். சியன்னாவில் எஃகுக் கேபிள் பிசிறி அறுந்து சிக்கிக்கொள்ளும். கிரைஸ்லரில் கதவோடு மடங்கி நிமிரும் ஒயர்க்கட்டில் செம்பு அறுந்து, கதவு ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. மூன்றுக்கும் மோட்டாரோடு முழு செட்டையும் மாற்றச் சொல்வார்கள். உருளை தனியாகக் கிடைக்கும், சியன்னாவுக்குக் கேபிள் மட்டும் கொண்ட செட் கிடைக்கும், ஒயரை வெட்டி சாலிடர் செய்யலாம். சாமானில் பெரிய மிச்சம், கூலி 2 முதல் 4 மணி நேரம்.

முதலில் பவர் சுவிட்சை அணைத்துவிட்டுக் கையால் தள்ளிப் பாருங்கள். சரளமாக ஓடினால் பிரச்சினை மோட்டார், கேபிள், ஒயர் பக்கம். கையாலேயே கனத்தால் தண்டவாளமும் உருளையும். தண்டவாளத்தில் கெட்டியான கிரீஸ் பூசாதீர்கள், மண்ணைச் சேர்த்து அரைக்கும். துடைத்துவிட்டு சிலிகான் ஸ்பிரே போதும். சியன்னாவில் வெளிக் கைப்பிடி உடைவதற்குக் காரணம் உள்ளே தாழ் இறுகிப்போவது; தாழுக்கு எண்ணெய் விடாமல் கைப்பிடியை மட்டும் மாற்றினால் அடுத்ததும் உடையும்.

#18 கிரீஸ்_கை

அடிச்சட்டச் சத்தங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் ஏமாறுவது அதிகம். மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகும்போது "கடக் கடக்": முதலில் ஸ்டெபிலைசர் லிங்க். மலிவு, பக்கத்துக்கு அரைமணி. பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு "தொம்": கன்ட்ரோல் ஆர்மின் பின் புஷ். புஷ்ஷை மட்டும் பிரஸ் போட்டு மாற்றுவதைவிடப் பால் ஜாயின்ட்டோடு முழு ஆர்ம் போடுவது கூலியில் லாபம். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி ஓட்டும்போது "டக் டக் டக்": வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட். நேராக வேகம் எடுக்கும்போது மட்டும் வண்டி பக்கவாட்டில் ஆடினால் உள்பக்க ஜாயின்ட். மலிவான புது ஆக்சில்கள் அதிரும் என்ற புகார் நிறைய. நல்ல நிலையில் உள்ள ஒரிஜினலில் பூட் மட்டும் கிழிந்திருந்தால் பூட்டையும் கிரீஸையும் மாற்றுங்கள்.

வேகத்தோடு ஏறும் "ம்ம்ம்" வீல் பேரிங். ஓடும்போது லேசாக இடப்பக்கம் திருப்பினால் சத்தம் கூடினால் வலப்பக்கப் பேரிங், பாரம் அங்கே சாய்வதால். டயர் தேய்மானமும் இதே சத்தம் போடும், எனவே முன் பின் டயரை மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகு பேரிங் வாங்குங்கள்.

முன் ஸ்ட்ரட் இரண்டும் ஜோடியாக, ஸ்பிரிங்கும் மேல் மவுன்ட்டும் சேர்த்து வரும் முழு செட்டாகப் போட்டால் 3 மணி நேரம். முடிந்ததும் அலைன்மென்ட், அதைத் தள்ளிப்போட்டால் டயரின் உள் ஓரம் தேயும்.

#19 மூன்றுவரிசை

பி0420 கோடு எரிந்த வண்டி விலை இறங்கி வருகிறது. கேட்டலிடிக் கன்வர்ட்டர் (புகையைச் சுத்தப்படுத்தும் சாமான்) என்றால் வேண்டாமா?

#20 ஸ்கேனர்_சித்தன்

கோடு சொல்வது "முதல் வரிசையின் கன்வர்ட்டர் திறன் குறைவு" என்று மட்டும். ஒடிசியிலும் சியன்னாவிலும் முதல் வரிசை என்பது ஃபயர்வால் பக்கம், கை போகாத பக்கம். எக்ஸாஸ்ட் சேருமிடத்தில் காற்று புகுகிறதா, மிஸ் அடிக்கிறதா, எண்ணெய் குடிக்கிறதா என்று பார்க்காமல் புதுசு போட்டால் அதுவும் போய்விடும். ஸ்கேனரில் கன்வர்ட்டருக்குப் பின் உள்ள ஆக்சிஜன் சென்சாரின் அளவைப் பாருங்கள்: சூடான எஞ்சினில், நிலையான வேகத்தில் 0.6, 0.7 வோல்ட் பக்கம் அசையாமல் நின்றால் கன்வர்ட்டர் உயிரோடு இருக்கிறது. 0.1க்கும் 0.9க்கும் இடையே வேகமாக ஊஞ்சலாடினால் போய்விட்டது.

கோடு எதுவுமே இல்லாத வண்டியையும் சந்தேகியுங்கள். ஸ்கேனரில் ரெடினெஸ் மானிட்டர் (வண்டி தன்னைத்தானே செய்யும் சோதனைகளின் நிலை) பாதி "முடியவில்லை" என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன் கோடை அழித்திருக்கலாம் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். மீட்டர் கையில் இருந்தால் பேட்டரியையும் பாருங்கள்: ஓய்வில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை.

#21 பழையவண்டி_ரசிகை

ஒரு கணக்கு கேட்கிறேன். 2009 ஒடிசி, 2,20,000 கி.மீ., டைமிங் பெல்ட்டுக்குப் பில் இல்லை, முன் மவுன்ட் ஒழுகுகிறது, இடது கதவு பாதியில் நிற்கிறது. கியர்பாக்ஸ் சுத்தமாக மாறுகிறது, அடியில் துரு இல்லை. வாங்கலாமா?

#22 அச்சாணி

வாங்கலாம், விலை சரியாக இருந்தால். பெல்ட் செட் 5 மணி, மவுன்ட்கள் 3 மணி. பக்கவாட்டு மவுன்ட் டைமிங் வேலைக்கு எப்படியும் கழன்று வரும், அதனால் ஒரே நாளில் கொடுத்தால் ஒரு மணி நேரமாவது குறையும். கதவு உருளை 2 மணி. ஆக 9 மணி நேரக் கூலி, சாமானில் கனமானது ஆக்டிவ் மவுன்ட். அதே தடவையில் வால்வ் இடைவெளி பார்க்கச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினில் இன்டேக் 0.20 முதல் 0.24 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.28 முதல் 0.32. இந்த மொத்தத்தையும் கேட்கும் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள், கதவுக்கு மட்டும் தள்ளுபடி வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

இதே வண்டியில் பெல்ட் புதுசு, கதவு சரி, ஆனால் லாக்கப் நடுக்கமும் சப்ஃப்ரேம் முனையில் சுத்தியலால் தட்டினால் செதில் உதிரும் துருவும் இருந்திருந்தால் பாதி விலைக்கும் வேண்டாம் என்றிருப்பேன்.

#23 துரு_துப்பறிவாளர்

தட்டிப் பார்க்கும்போது ஜாக்கி வைக்கும் இடத்தையும் சேர்த்துத் தட்டுங்கள். கறுப்பு அண்டர்கோட்டிங் புத்தம் புதுசாக மின்னினால், அதற்கடியில் என்ன இருக்கிறது என்று ஸ்குரூ டிரைவர் முனையால் குத்திப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். முகம் சுளித்தால் மேற்கொண்டு பேச வேண்டாம்.

#24 பழையவண்டி_ரசிகை

நன்றி அண்ணா. மேல் கவரைத் திறந்து பெல்ட்டைப் பார்க்க விற்பவர் சம்மதித்திருக்கிறார். 10 மி.மீ. சாக்கெட், டார்ச், சின்னக் கண்ணாடி, ஸ்கேனர், மீட்டர். வேறு ஏதாவது எடுத்துப் போகணுமா?

#25 கிரீஸ்_கை

தரையில் விரிக்க ஓர் அட்டை. அப்புறம், நீங்கள் போய்ச் சேரும்வரை எஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் டென்ஷனர் சத்தம் உங்களுக்குக் கேட்காது, இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.